இணையத் தொலைக்காட்சியும் இல்லத்தார் நிலையும்

உலகிற் புதியதொரு கருவி தோன்றுந்தோறும் அதனைப்பற்றி இருவகை மயக்கம் மக்களிடை எழுதல் இயல்பு. எல்லாஞ் செய்யலாம் என்னுந் துணிவு ஒன்று. எது செய்யினுங் குற்றமாகுமோ என்னும் அச்சம் மற்றொன்று. இணையத்தின் வாயிலாக வீட்டிலிருந்தபடியே திரைப்படமும், தொடரும், பந்தாட்டமும் காணும் வழக்கம் இப்பொழுது புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலை முதல் மணமேல்குடிக் கடற்கரை வரையிற் பரவியிருக்கின்றது. அதனொடு இவ்விரு மயக்கமும் பரவியுள்ளன. சிலர் சந்தா ஏதுமின்றி ஆயிரஞ் சானல் காட்டும் என்று சொல்லி விற்கப்படும் பெட்டியை வாங்கி, அதனைத் தெருவார்க்கும் பகிர்ந்தளிக்கின்றனர். வேறு சிலர், யாரோ அனுப்பிய லிங்க் ஒன்றைக் கைப்பேசியில் தொட்டுவிட்டதனாலேயே காவலர் வீடு தேடி வருவரோ என்று கலங்குகின்றனர். முன்னவர் துணிவுக்கும் பின்னவர் அச்சத்துக்குங் காரணம் ஒன்றே. அஃதாவது, சட்டம் எதனைக் குற்றமென்கிறது என்பதை அறியாமை.

ஆதலின், வீட்டிலிருந்து இணையத் தொலைக்காட்சி காண்போர்தம் சட்டநிலை யாது என்பதை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம். யாம் வழக்கறிஞரை நோக்கி எழுதுகின்றோமல்லோம். மாணாக்கரையும் அவர்தம் பெற்றோரையும் நோக்கியே எழுதுகின்றோம்.

1. பண்டை வழக்கு

வீட்டில் ஒலி கேட்பதும் ஒளி காண்பதும் சட்டத்திற்குட்பட்ட செயல்களாயிருந்தமை இந்நாட்டிற்குப் புதிதன்று. பிரிட்டிஷ் இந்தியாவில் 1933-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமச்சீட்டின்றி வானொலிக் கருவி வைத்திருத்தலையே குற்றமாக்கிற்று. 1939-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கப்பெற்ற காலத்தில் புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்தது. 1948-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் அச்சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது; 1974-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. அக்காலமெல்லாம் இந்நாட்டில் வானொலிப்பெட்டி வைத்திருந்தோர் அஞ்சலகத்திற் கட்டணஞ் செலுத்தி உரிமச்சீட்டைப் புதுப்பித்து வந்தனர். தொலைக்காட்சிப் பெட்டிக்கும் அவ்விதியே இருந்தது. 1980-களின் நடுவில் அம்முறை நீக்கப்பட்டது.

அப்பழைய சட்டத்தில், கேட்போன் கையிலுள்ள கருவியே கணக்கிற்கு வந்தது. அவன் கேட்ட பாட்டு யாருடையது, அதனை ஒலிபரப்பியவர் உரிமை பெற்றவரோ அல்லரோ என்பன அவனைப்பற்றிய வினாக்களல்ல. இக்காலத்து நிலை இதற்கு நேர்மாறானது. இன்று இந்தியாவிற் கைப்பேசியோ, தொலைக்காட்சியோ, இணையப் பெட்டியோ வீட்டில் வைத்துக் காண்பதற்கு உரிமச்சீட்டு வேண்டுவதில்லை. ஐ.பி.டி.வி. என்னும் பெயருங் குற்றத்தின் பெயரன்று; அத்தகைய சேவைக்கு 2008-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு நெறிமுறைகளை வகுத்து வெளியிட்டது. ஆகவே, கருவியைக்கொண்டு குற்றத்தை அறிதல் இயலாது. ஒரே பெட்டி ஒருவர் வீட்டில் முறையான சேவையைக் காட்டலாம். அடுத்த வீட்டிற் களவுப் பொருளைக் காட்டலாம். செயலை நோக்கியே தீர்மானித்தல் வேண்டும்.

2. சட்டம் யாரை நோக்குகின்றது?

இவ்விஷயத்தில் முதன்மையாக ஆளுஞ் சட்டம் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமாகும். நூல், இசை, ஓவியம், திரைப்படம், ஒலிப்பதிவு முதலியவற்றின் உரிமையாளர்க்குச் சில செயல்கள் தனியுரிமையாக அச்சட்டத்தில் ஒதுக்கப்பட்டுள்ளன. திரைப்படத்தைப் பொறுத்தவரை அவை மூன்றெனக் கொள்ளலாம்: படி எடுத்தல், விற்றல் அல்லது வாடகைக்கு விடுத்தல், பொதுமக்களுக்குப் புலப்படுத்தல். இவற்றை உரிமையாளர் இசைவின்றிச் செய்பவனே பதிப்புரிமையை மீறியவனாவான். இப்பட்டியலிற் 'காணுதல்' என்னுஞ் சொல் இல்லாமை நோக்கத்தக்கது. ஒருவன் நூலைத் திருடி அச்சிட்டால் அச்சிட்டவன் உரிமையை மீறினான். அந்நூலைப் படித்தவன் படித்தமையால் மட்டும் பதிப்புரிமையை மீறினவனாகான். அவ்வாறே திரைப்படத்திலுங் கொள்க.

'பொதுமக்களுக்குப் புலப்படுத்தல்' என்பதன் பொருள் சிறிது விளக்கத்தக்கது. வீடு தனியிடமாயிற்றே, வீட்டிற்குள் அனுப்பப்படுவது எங்ஙனம் பொதுமக்களுக்குப் புலப்படுத்தலாகும் என்று ஒருவர் வினாவலாம். இவ்வினாவுக்கு 1989-ஆம் ஆண்டில் மும்பை உயர்நீதிமன்றம், கார்வேர் நிறுவனத்தார்க்குந் டெலிலிங்க் என்பார்க்கும் இடையே நடந்த வழக்கில் விடை கூறிற்று. கேபிள் வழியாகத் திரைப்படங்களை வீடுதோறும் அனுப்பியவர், காண்போர் தத்தம் வீட்டிலிருந்தே காண்கின்றனர் என்று வாதித்தனர். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. கட்டணங் கொடுத்து இணைப்புப் பெறும் வீட்டார் அனைவரும் பொதுமக்களே என்றும், உரிமையின்றி அவர்க்குப் படத்தை அனுப்புதல் மீறலே என்றும் முடிவாயிற்று. குற்றம் அனுப்பியவன் மேலதாயிற்றே யன்றி, வீட்டிலிருந்து கண்ட குடும்பத்தார் மேல் வைக்கப்படவில்லை. கேபிள் காலத்து இம்முடிவு இணையக் காலத்துக்கும் ஒளி தருகின்றது.

இக்காலத்துச் சட்டவாசகம் இன்னுந் தெளிவுடையது. ஒரே நேரத்திற் காட்டினும், காண்போர் தாம் விரும்பும் நேரத்திலும் இடத்திலுங் காணும்படி வைத்தாலும், இரண்டும் புலப்படுத்தலே என்று 2012-ஆம் ஆண்டின் திருத்தம் கூறுகின்றது. அதன்படி, இணையத்தில் ஒரு படத்தை உரிமையின்றி ஏற்றி வைத்தவன், அதனை எவருங் காணாவிடினும் மீறியவனேயாவான்.

3. காண்போன் நிலை

2016-ஆம் ஆண்டில் இவ்விஷயம் நாடெங்கும் பேசப்பட்டது. 'டிஷூம்' என்னும் இந்திப் படத்தின் உரிமையாளர் வேண்டுகோளின்மேல் மும்பை உயர்நீதிமன்றம் சில இணைய முகவரிகளைத் தடுக்குமாறு ஆணையிட்டது. தடுக்கப்பட்ட முகவரிகளைத் திறந்தோர்க்கு இணைய நிறுவனங்கள் ஓர் எச்சரிக்கையைக் காட்டின. அப்பக்கத்திலுள்ளதைப் பார்த்தாலும் இறக்கினாலும் 3 ஆண்டு சிறைவாசமும் அபராதமும் உண்டு என்னும் பொருள்பட அது அமைந்திருந்தது. நாளிதழ்களும் அதனை எடுத்துரைத்தன, மக்கள் திகைத்தனர். பின்னர், அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், நீதிபதி கௌதம் பட்டேல் அவ்வெச்சரிக்கையின் பிழையை எடுத்துக்காட்டினார். காண்பதில் மட்டுங் குற்றமில்லை. உரிமையாளர்க்குக் கேடாகப் பரப்புதல், பொதுவிடத்திற் காட்டுதல், விற்பனைக்கோ வாடகைக்கோ விடுத்தல் ஆகியவற்றிலேயே குற்றம் உள்ளது என்பது அவர் கருத்து. மும்பை நீதிமன்றத்தின் கருத்துச் சென்னை உயர்நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துவதன்று. ஆயினும் அது சட்டத்தின் சொற்களோடு முற்றும் பொருந்துவதாகலின் பெரிதும் மதிக்கத்தக்கது.

இனி, நுட்பமான ஓர் ஐயம் எஞ்சியுள்ளது. ஸ்டிரீமிங் முறையிற் காணுங்கால், படத்தின் சிறுசிறு பகுதிகள் கருவிக்குள் வந்து, சிறிது பொழுது தங்கி, பின் அழிகின்றன. அங்ஙனம் தங்குதல் படி எடுத்தலாகாதோ? இதனை எண்ணியே, மின்னணு வழியாக அனுப்பும் தொழில்நுட்ப நிகழ்ச்சியில் தற்செயலாகவும் நிலையின்றியும் ஒரு படைப்புத் தங்குதல் மீறலாகாது என்று 52-ஆம் பிரிவில் 2012-இல் விதி சேர்க்கப்பட்டது. சொந்த உபயோகத்திற்காக நேர்மையான முறையில் ஒரு படைப்பைக் கையாளுதலும் மீறலாகாது என்னும் விலக்கு அப்பிரிவிலேயே உண்டு. முன்னர் நூல், இசை முதலியவற்றுக்கே உரியதாயிருந்த அவ்விலக்கு 2012-க்குப்பின் திரைப்படத்துக்கும் உரியதாயிற்று. ஆயினும் 'நேர்மையான' என்னும் அடைமொழியை மறத்தலாகாது. களவுப் படியென்று அறிந்தே கைக்கொள்வது நேர்மையான கையாளுதலென்று வாதித்தல் எளிதன்று.

இதுகாறுங் கூறியவற்றால், வீட்டிலிருந்து வெறுமனே கண்ட ஒருவனைச் சிறைக்கு அனுப்புவது இந்தியச் சட்டத்தின் நோக்கமன்று என்பது போதரும். அஞ்சுவோர் இத்துணையளவில் அச்சம் நீங்கலாம். துணிவோர்க்கு உரியது இனி வருவது.

4. எல்லை கடக்கும் இடங்கள்

காண்போன் எந்நேரமும் காண்போனாகவே நின்றுவிடுவதில்லை. தான் அறியாமலே அனுப்புவோனாகவும் விற்போனாகவும் மாறிவிடுகின்றான். அவ்வாறு மாறும் இடங்கள் ஐந்தெனக் கூறலாம்.

முதலாவது, இறக்கி வைத்தல். ஓடும் படத்தைக் காண்பது வேறு. அதன் முழுப்படியைக் கருவியில் நிலையாகச் சேமிப்பது வேறு. மின்னணு முறையில் எவ்வூடகத்திற் சேமிப்பினும் அது படி எடுத்தலே என்று சட்டங் கூறுகின்றது.

இரண்டாவது, டாரண்ட் முறை. இம்முறையில் ஒருவன் ஒரு படத்தை இறக்கிக்கொண்டிருக்கும் பொழுதே அவனுடைய கருவி, பெற்ற பகுதிகளைப் பிறர்க்கு அனுப்பிக்கொண்டிருக்கும். தான் பார்ப்பதாகவே எண்ணியிருப்பான். உண்மையிற் பலர்க்கும் பரப்புகின்றான். காண்போர்க்குரிய விலக்கு இவனைக் காவாது.

மூன்றாவது, பகிர்தல். டெலிகிராம் அல்லது வாட்ஸ்அப் குழுவிற் படத்தின் படியை ஏற்றுதல் புலப்படுத்தலாகும். களவுப் படி இருக்குமிடத்தைச் சுட்டும் லிங்க்கை அறிந்தே பலர்க்கும் அனுப்புதல் குற்றத்திற்கு உடந்தையாதல் என்னும் பழிக்கு இடந்தரும். ஏனெனின், மீறுவோனை மட்டுமன்றி உடந்தையாவோனையும் 63-ஆம் பிரிவு தண்டிக்கின்றது.

நான்காவது, பூட்டை உடைத்தல். உரிமையாளர் தம் படைப்பைக் காக்க அமைத்த தொழில்நுட்பத் தடையை, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்போர்க்கு 2 ஆண்டு வரை சிறைவாசமும் அபராதமும் 65அ பிரிவில் விதிக்கப்பட்டுள்ளன.

ஐந்தாவது, விற்றல். இதுவே எமக்கு மிகுந்த கவலை தருவது. பிறர்பாற் பெற்ற களவு ஐ.பி.டி.வி. இணைப்பை, மாதம் நூறோ இருநூறோ வாங்கிக்கொண்டு, தெருவிலுள்ள பத்து வீட்டார்க்கு அமைத்துத் தரும் இளைஞன், தன்னை ஊரார்க்கு உதவுவோனாக எண்ணுகின்றான். சட்டத்தின் கண்ணுக்கோ, அவன் கார்வேர் வழக்கிற் கண்ட கேபிள்காரனின் நிலையில் நிற்பவனே. காசு வாங்கினமையால் அவன் நிலை பின்னும் வலுவிழக்கின்றது.

முறையான சந்தாவைப் பிறரோடு பங்கிடுதல் வேறு வகையினது. அது பெரும்பாலும் ஒப்பந்தத்தைப் பற்றியது. சந்தா கட்டுங்கால் நாம் படிக்காமலே ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளில், எத்தனைக் கருவி, எவ்வீட்டார் என்பன குறிக்கப்பட்டிருக்கும். நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் இந்தியாவில் ஒரு கணக்கு ஒரு வீட்டார்க்கே என்று வரையறுத்தது. அதனை மீறினாற் சேவை நிறுத்தப்படலாம். உடனே காவலர் வருவாரல்லர். இவ்வேறுபாட்டையும் அறிந்துகொள்க.

5. தண்டனையின் அளவு

பதிப்புரிமையை அறிந்தே மீறுவோர்க்கு 63-ஆம் பிரிவின்படி 6 மாதத்திற்குக் குறையாமலும் 3 ஆண்டிற்கு மேற்படாமலும் சிறைவாசமும், 50,000 ரூபாய்க்குக் குறையாமலும் 2 இலட்சத்திற்கு மேற்படாமலும் அபராதமும் உண்டு. வாணிக ஆதாயங் கருதாது செய்யப்பட்டதாயின், தக்க காரணங் காட்டி நீதிமன்றம் இதனைக் குறைக்கலாம். இரண்டாம் முறை குற்றவாளியாயின் சிறை ஓராண்டிற்குக் குறையாது. சார்பு ஆய்வாளரும் அவர்க்கு மேற்பட்ட காவல் அதிகாரிகளும் களவுப் படிகளை வாரண்டின்றியே கைப்பற்றலாம். இக்குற்றம் வாரண்டின்றிக் கைது செய்யத்தக்கதென்றும், ஜாமீன் உரிமையாகக் கிடைக்கத்தக்கதன்றென்றும் 2022-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் நிட் புரோ வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் இதனினுங் கடியதொரு விதியுண்டு. 1982-ஆம் ஆண்டின் தடுப்புக்காவற் சட்டம், பொதுவழக்கில் குண்டர் சட்டம் எனப்படுவது, 2004-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டுத் திருட்டு வீடியோத் தொழில் செய்வோரையுந் தன்னுள் அடக்கிற்று. அச்சட்டத்தின்கீழ் 12 மாதம் வரை ஒருவரைக் காவலில் வைக்கலாம். மேலும், 2023-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சினிமாச் சட்டத்தின்படி, கொட்டகையில் ஓடும் படத்தை இசைவின்றிப் பதிவு செய்தலும், களவுப் படியை ஆதாயத்திற்காகப் பொதுமக்கட்குக் காட்டுதலும் தனிக் குற்றங்களாயின. அதற்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 3 இலட்சம் ரூபாய் முதல் அப்படத்தின் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் நூற்றுக்கு 5 பங்கு வரை அபராதமும் உண்டு.

கல்லூரி முடித்து வேலை தேடும் ஓர் இளைஞன் மேல் இவ்வழக்குகளில் ஒன்று பதியப்பட்டாற் கடவுச்சீட்டுக்கும் அரசுப்பணிக்கும் விண்ணப்பிக்குந்தோறும் அவன் விடை கூற வேண்டியவனாவான். மாதம் இரண்டாயிரம் ரூபாய் வருவாய்க்காக ஏற்கத்தக்க விலையோ இது? எண்ணிப் பார்ப்பாராக.

6. விடுதியும் திடலும்

இனி, மாணாக்கர்க்கு நெருங்கிய ஒன்றைக் கூறுவோம். ஒன்றற்கு மேற்பட்ட வீடுகளுக்கோ உறைவிடங்களுக்கோ ஒரே நேரத்தில் அனுப்புதல் பொதுமக்களுக்குப் புலப்படுத்தலாகக் கொள்ளப்படும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் விளக்கவுரை கூறுகின்றது. அதில் ஓட்டல் அறைகளோடு விடுதியறைகளும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. ஆதலால் ஒரு மாணவன் தன்னறையிற் காண்பது வேறு. ஒருவன் இணைப்பை விடுதியறைகள் அனைத்திற்கும் அனுப்புவது வேறு. பின்னது சட்டத்தின் சொல்லிலேயே அகப்படுவது.

கல்விக்கென்று ஒரு சலுகையும் உண்டு. கல்வி நிலையத்தின் பணிகளின் பகுதியாக, ஆசிரியரும் மாணவரும், மாணவர்தம் பெற்றோரும் காப்பாளரும், நிலையத்தோடு தொடர்புடையோரும் மட்டும் உள்ள அவையில் திரைப்படங் காட்டுதல் மீறலாகாது. ஆயினும் வெளியாரை அழைத்தால் இச்சலுகை நீங்கும். தனிப்பட்ட உபயோகத்திற்கு மட்டும் என்னும் நிபந்தனையோடு பெற்ற சந்தாவைக்கொண்டு காட்டினால் ஒப்பந்தத்தைப் பற்றிய வினாவும் எழும்.

ஊர்த்திடலில் வெண்திரை கட்டிப் பந்தாட்டங் காட்டும் வழக்கமும் பல சிற்றூர்களில் உண்டு. ஒளிபரப்பைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்கள் காணச் செய்தல், ஒளிபரப்பாளர்க்குரிய தனியுரிமையை மீறுதலாம் என்று 37-ஆம் பிரிவு கூறுகின்றது. களவுப் படம் காட்டுதற்கு ஆதாயங்கருதி இடங்கொடுத்தவனும், தான் அறியவில்லை என்பதை நிறுவினாலன்றி மீறியவனாவான். மண்டபம் வைத்திருப்போரும் தேநீர்க்கடை நடத்துவோரும் இதனை நினைவிற் கொள்வாராக.

7. பிறநாட்டு வழக்கம்

புதுக்கோட்டை மாவட்டத்தார் பலர் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பணிபுரிகின்றனர். அங்கிருந்து பெட்டிகளும் செய்திகளும் வருகின்றன. ஒரு நாட்டுச் சட்டம் மற்றொரு நாட்டில் செல்லாது என்பதை முதலில் உணர்தல் வேண்டும். சிங்கப்பூரில் 2021-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், களவுச் சேவைகளைக் காட்டும் பெட்டிகளை விற்போரைத் தண்டிக்கின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2020-ஆம் ஆண்டு இறுதியில் இயற்றப்பட்ட சட்டமும் களவு ஸ்டிரீமிங்கைத் தொழிலாக நடத்துவோரையே பெருங்குற்றவாளிகளாக்கிற்று, காண்போரை அன்று. ஐரோப்பாவில் நிலைமை சற்று வேறு. 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் பிலிம்ஸ்பெலர் வழக்கில், களவு வழிகள் முன்னரே அமைக்கப்பட்ட பெட்டியை விற்பது புலப்படுத்தலாம் என்றதோடு, அத்தகைய பெட்டியிற் காண்போனுடைய கருவியிலுண்டாகும் தற்காலிகப் படிக்கும் விலக்கில்லை என்று கூறிற்று. பிரிட்டனில் நேரடித் தொலைக்காட்சி காண்பதற்கும், 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் பி.பி.சி.யின் ஐபிளேயர் சேவையைக் காண்பதற்கும் வீட்டார் உரிமச்சீட்டுப் பெறல் வேண்டும். அயல்நாடு செல்வோர், இங்குக் குற்றமன்றே என்று அங்கும் இருந்துவிடலாகாது.

இந்தியாவிலும் இந்நிலை என்றும் மாறாது என்று சொல்லுதற்கில்லை. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் தில்லி உயர்நீதிமன்றம் யூ.டி.வி. வழக்கில், களவுத் தளங்கள் பெயர் மாற்றித் தோன்றுந்தோறும் தடுக்கத்தக்க ஆணையை வழங்கிற்று. அத்தளங்களைக் காண்போர்க்கு எச்சரிக்கை அனுப்புதலையும், கேளாதவிடத்து அபராதம் விதித்தலையும் ஆராயுமாறு அந்நீதிமன்றம் மத்திய அரசுக்கு யோசனை கூறியது.

தடையாணைகளுக்கும் எல்லையுண்டு. 2012-ஆம் ஆண்டில் '3' என்னும் தமிழ்ப்படத்திற்காகச் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த ஆணையைக் காட்டி, இணைய நிறுவனங்கள் முறையாக நடைபெறும் விமியோ முதலிய தளங்களையும் முழுமையாக மூடின. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அந்நீதிமன்றமே, களவுப் படி உள்ள குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுத்தல் வேண்டும் என்று தெளிவுபடுத்திற்று. உரிமையாளரைக் காக்குமிடத்தும் குற்றமற்றோர்க்கு இடையூறு நேராமை வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

8. நல்ல சேவையை அறியும் வழி

எது முறையானது, எது களவு என்று வீட்டார் எங்ஙனம் அறிவது? சில அடையாளங்களைக் கூறுவோம். முறையான சேவைக்கு உரிமையாளர் பெயரும் முகவரியும் உண்டு. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை அமர்த்தவும், படங்களை வயதிற்கேற்ப வகுத்துக் காட்டவும் வேண்டுமென்றன. அவ்விதிகளைப்பற்றி நீதிமன்றங்களில் வழக்குகள் எழுந்தபோதிலும், பெரிய சேவைகள் இவ்விரண்டையுங் காட்டி வருகின்றன. களவுச் சேவைக்கோ ஒரு கைப்பேசி எண்ணன்றிப் பிறிதொன்றும் இராது. பணம் நிறுவனத்தின் பெயருக்குச் செல்லாமல் தனியொருவர் கணக்கிற்குச் செல்லுமாயின், ரசீது கிடையாதாயின், அங்காடியிலன்றி வெளியிலிருந்து செயலியை இறக்கச் சொல்வராயின், பல நிறுவனங்களின் சானல்களும் ஒரே அற்பவிலையில் வருமாயின், ஐயுறுக. அத்தகைய செயலி வங்கிக் கணக்கின் இரகசியங்களைக் கவர்ந்தால் முறையிடுதற்கும் ஆளிராது.

பொருள் குறைந்தோர்க்கு நல்வழி இல்லையோ எனின், உண்டு. தூர்தர்சனின் டி.டி. ஃப்ரீ டிஷ் மாதச் சந்தா இன்றிக் கிடைக்கின்றது. பிரசார் பாரதி 2024-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் 'வேவ்ஸ்' என்னும் ஓ.டி.டி. சேவையைத் தொடங்கிற்று. யூடியூபிற் படநிறுவனங்கள் தாமே ஏற்றிவைத்த பழம் படங்கள் பலவுள. மேலும், திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளிவந்த ஆண்டை அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டே நிலைப்பது. புதுக்கோட்டையிற் பிறந்த பி. யு. சின்னப்பா நடித்த 'உத்தம புத்திரன்' 1940-இலும், 'கண்ணகி' 1942-இலும் வெளிவந்தன. அக்காலப் படங்கள் வெளிவந்து 60 ஆண்டு கடந்து நெடுநாளாயிற்று. எனினும், பாட்டும் உரையாடலும் எழுதியோர் உரிமை அவர்தம் மறைவிற்குப் பின்னும் 60 ஆண்டு நிற்குமாதலின், அவற்றை எடுத்து வெளியிட விரும்புவோர் தீர விசாரித்தே செய்தல் வேண்டும்.

9. தண்டனையின்மையும் நேர்மையும்

இறுதியாக ஒன்று. சட்டந் தண்டிக்கவில்லை என்பதனால் ஒரு செயல் நல்லதாகிவிடுவதில்லை. களவை விலக்குங் கட்டளையைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர் நாம். வள்ளுவரும் கள்ளாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். பெருஞ் செல்வர் எடுத்த படத்தை ஏழை ஒருவன் காசின்றிக் கண்டால் யாருக்கு நட்டம் என்று கேட்போர் உளர். படைப்போர் எல்லாரும் பெருஞ்செல்வரென்று கொள்ளுதல் பிழை. இம்மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் உழவுக் குடும்பத்தார் சிலர் 2018-ஆம் ஆண்டில் வயல்வெளியிற் சமைத்துக் காட்டத் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-ஆம் ஆண்டில் ஒரு கோடி சந்தாதாரரைப் பெற்றது. தமிழ் யூடியூப் சானல்களுள் அவ்வெண்ணிக்கையை முதலில் எய்தியது அதுவே. அவர்தம் காட்சியை ஒருவன் எடுத்துத் தன்னுடையதுபோல் ஏற்றிப் பொருளீட்டினால் அது நம் அயலார் வயலில் விளைந்த நெல்லை அறுத்துச் செல்வதனோடொக்கும். மும்பையில் எடுத்த படத்திற்கும் இதே நியாயம்.

படைத்தவன் தானே உலகிற்கு வழங்குவதும் உண்டு. குடுமியான்மலையில், ஏறக்குறைய 7-ஆம் நூற்றாண்டினதென்று கருதப்படும் இசைக் கல்வெட்டு, மாணாக்கர் நன்மைக்காக ஓர் அரசன் செய்வித்ததென்று அதிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. கருங்கற் பாறையில் யாவரும் காண எழுதப்பட்டமையால், அதனைக் கற்போர் எவர்க்குங் கடன்பட்டவரல்லர். கொடுக்கப்பட்டதைப் பெறுதலும், கொடாததை எடுத்தலும் ஒன்றல்ல என்பதே இவ்விஷயத்தின் சாரமாம்.

ஆகவே, மாணாக்கர் கைக்கொள்ளத்தக்கன இவை. வீட்டிற் காண்பதற்கு அஞ்சவேண்டா. ஆயின் எங்கிருந்து வருகின்றதென்று அறிந்து காண்க. களவுப் படியை இறக்கவும், பிறர்க்கு அனுப்பவும், விற்கவும், திடலிற் காட்டவும் ஒருப்படாதிருக்க. இவ்வெல்லையை அறியாத பெற்றோர்க்கும் உற்றார்க்கும் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது எடுத்துரைக்க. ஒரு தெருவில் ஓரிளைஞன் இதனைக் கேட்டு அப்பெட்டி வாணிகத்தை விடுவானாயின், அவன் எதிர்காலமும் அவன் குடும்பத்தின் அமைதியுங் காக்கப்படும், இக்கட்டுரையும் பயனுடையதாகும்.